மலையில் ஒரு கடல் பக்கம்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்து செல்பவனுக்கு மூச்சு வாங்கும்படியான ஏற்றம் ஒன்றும் வழியில் எதிர்ப்படாது. கடலோரத்தில் நீட்டிப் படுத்துக் கிடக்கும் நிலம் அது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் இரயில் பாதை. அங்கே வழி கேட்பவர்களுக்குக் கிழக்கு, மேற்கு என்று எவரும் விடை சொல்வதில்லை. "கடல் பக்கம் திரும்பு", "ரயில் பக்கம் போ" என்பதே வழக்கம். கோயிலைக் கேட்டாலும் அரிசி மண்டியைக் கேட்டாலும் விடை இவ்விரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். அந்தத் தட்டை நிலத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் மலையேற்ற மோட்டார்ப் பந்தயத்தில் பெயர் பெற்றார் என்று நான் சொல்லும்போது, இளைஞர்கள் சிலர் என் முகத்தைப் பார்த்துப் புன்னகை செய்கிறார்கள். செய்யட்டும். அவருடைய முதற் பந்தயத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சென்றவன் நான்.

அவர் என் மனைவியின் தமையனார். துறைமுகத்தை அடுத்த பட்டறை ஒன்றில் பாரந்தூக்கிகளையும் நீராவி எந்திரங்களையும் செப்பனிடும் பொறியாளராக இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், நகரத்துச் செல்வர்கள் தம் மோட்டார் வண்டிகள் வேகம் குன்றினால் இராயபுரத்துக் குறுகிய தெருவைத் தேடி வருவார்கள். தேடிவந்தவர்களை அவர் காக்க வைத்ததில்லை, ஆனால் புகழ்ந்ததுமில்லை. "இன்ஜின்மேல குத்தம் இல்லீங்க, ஓட்டறவர் கால்மேலதான் குத்தம்" என்று வண்டிக்கு உரியவரிடமே சொல்வார். அவர்கள் சினம் கொள்ளாமல் மறுமுறையும் வந்ததற்குக் காரணம், அவர் கைபட்ட வண்டி உண்மையிலேயே விரைந்து ஓடியதுதான்.

தமக்கென்று அவர் ஒரு வண்டியை உருவாக்கியிருந்தார். யாரோ கைவிட்ட பழைய வண்டியின் சட்டம். அதில் அவரே உரு வரைந்து, இராயபுரத்து வார்ப்படச்சாலையில் வார்த்தெடுத்துக் கடைந்த உறுப்புகள். கதவில்லை, கூரையில்லை. பந்தய எந்திரங்களுக்கு அந்நாளில் விளக்கெண்ணெயையே மசகாக ஊற்றுவார்கள். அது காய்ந்து எரியும் மணம் தெருவில் பரவினால், அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார் என்று பெண்கள் கொடியில் உலரும் துணிகளை எடுத்துவிடுவார்கள்.

சேலத்தை அடுத்த மலைச்சாலையில் ஆண்டுக்கொருமுறை நடந்த பந்தயத்திற்கு அவர் விண்ணப்பித்தார். அதை நடத்தியது தோட்ட முதலாளிகளும் வெள்ளையதிகாரிகளும் கூடிய மன்றம். அவர்கள் நெடுநாள் தயங்கி, ஒரு நிபந்தனையோடு இசைந்தார்கள். வண்டி தன் ஆற்றலாலேயே உச்சிக் கோட்டைக் கடக்கவேண்டும். கடவாத வண்டிக்கு அடுத்த ஆண்டு இடமில்லை. அந்த நிபந்தனை தமக்கென்றே ஆக்கப்பட்டது என்பதை அவர் அறிவார். முதலிடம் வருவது பற்றி அவர் ஒருபோதும் பேசவில்லை. "ஏறிட்டா வாசல் தொறந்தே இருக்கும். ஏறலைன்னா நமக்கு மட்டுமில்ல, நமக்கப்புறம் இங்கேருந்து எவன் போனாலும் மூடிக்கும்" என்றார்.

மலையில்லாத ஊரில் மலையேறப் பழகுவது எப்படி? அவர் கண்ட வழி எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய உப்பளத்து வெளி. கோடையில் அந்தக் களிமண் கல்லாக இறுகிக் கிடக்கும். கால்வாயில் உப்பேற்றிச் சென்று, ஓட்டை விழுந்து, கரையேற்றப்பட்ட பழம்படகு ஒன்று அங்கே இருந்தது. அதை வண்டியின் பின்னே கயிற்றால் பிணைத்து, கயிற்றின் நடுவே ஒரு வில் தராசைக் கோத்தார். "மலை என்ன பண்ணுது மாப்ளே? வண்டியைப் பின்னால இழுக்குது. அதே இழுப்பை நாம இங்கேயே கட்டிக்கிட்டாப் போச்சு" என்று எனக்கு விளக்கினார். எத்தனை பேர் படகில் ஏறி அமர்ந்தால் எவ்வளவு செங்குத்தான சாலைக்கு நிகர் என்பதைத் தராசின் முள் காட்டும்.

படகுக்கு உரியவர் கால்வாயில் நரைத்த படகோட்டி. தம் கூட்டாளிகளோடு படகில் ஏறி அமர்ந்து, வெற்றிலையும் மென்றுகொண்டு, தரையில் பயணம் செய்வார்.

"தண்ணில ஒரு நாளும் இம்மாம் ஜோரா போனதில்ல நைனா! இன்னும் கொஞ்சம் வலி!"

"எழுந்து நிக்காதே, தராசு ஆடுது!" என்று என் மைத்துனர் முன்னிருந்து கூவுவார்.

"நிக்கல நைனா, ஒரு பக்கம் மரத்துப் போச்சு, மாத்தி குந்திகினு கீறேன்!"

அந்தச் சோதனையில் ஒரு குறை தெரிந்தது. இழுப்பு மிகுந்தால் பின்சக்கரங்கள் களிமண்ணைப் பற்றாமல் சுழன்றன. சக்கரத்தின்மேல் பளு போதவில்லை. அதற்கு அவர் இரண்டு தீர்வுகள் கண்டார். பெட்ரோல் தொட்டியை எந்திரத்தின் அருகிலிருந்து எடுத்து, இருக்கைக்குப் பின்னே, பின்சக்கரங்களின் அச்சின்மேல் பொருத்தினார். இரண்டாவது தீர்வு நான். பந்தய வண்டியில் ஓட்டுபவருடன் இன்னோர் ஆள் அமர விதி இடம் கொடுத்தது. நானோ இராயபுரத்து உயர்நிலைப் பள்ளியொன்றில் இலக்கணம் கற்பித்து, நாற்காலியிலேயே உடல் பருத்தவன்.

என் மனைவி எங்கள் காலடிப்பேட்டை வீட்டில் இதைக் கேட்டுக் கொதித்தாள். "உன் வண்டிக்குப் பளு வேணும்னா மணல் மூட்டை கட்டிக்கோ அண்ணா! எங்க வூட்டுக்காரர்தான் கெடைச்சாரா?"

"மணல் மூட்டை வளைவிலே சாயாதும்மா. மாப்ளே சாய்வாரு. சொன்னா கேப்பாரு."

"பள்ளிக்கூடத்திலே இருக்கிறவங்களைக் கேட்டுப் பாரு, யாரு சொன்னா கேக்கறாருன்னு."

தொட்டியும் நானும் பின்னச்சின்மேல் ஏறியபின் சக்கரங்கள் சுழலவில்லை. மலையின் மிகச் செங்குத்தான பகுதிக்கு நிகரான பளுவைக் கட்டியும் வண்டி உப்பளத்தை இழுத்துக் கடந்தது. படகோட்டி இறங்கிவந்து வண்டியின் மூக்கைத் தடவிக் கொடுத்தார். நாங்கள் ஐயமின்றிப் புறப்பட்டோம். வண்டி சரக்கு இரயிலில் ஏறிச் சேலம் சென்றது.

பந்தயச் சாலை அன்றைய காலைவரை பொதுமக்களுக்கு உரியது, ஒத்திகைக்கு இடமில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாக அனுப்பப்பட்டன. எங்கள் முறை வந்தது. அடிவாரத்து வளைவுகளை அவர் எடுத்த அழகை நான் இன்றும் வியக்கிறேன். அந்த எந்திரத்தின் முழக்கம் பாறையில் பட்டுத் திரும்பியபோது, அது இராயபுரத்துத் தெருவில் எழுந்த ஓசைதானா என்று வியந்து, நான் சாய வேண்டிய ஒரு வளைவில் சாய மறந்தேன். "மாப்ளே!" என்றார், சாய்ந்தேன்.

பாதிமலைக்கு மேல், ஒரு வளைவைக் கடந்ததும் சாலை நெட்டுக்குத்தாக எழுந்தது. எந்திரம் இருமிற்று. மீண்டும் இருமிற்று. நின்றது. வண்டி பின்னோக்கி நழுவ, அவர் பிரேக்கை இறுக்கினார். நான் குதித்துச் சக்கரத்தின்கீழ் கல்லை வைத்தேன். அவர் எந்திரத்தின் மூடியைத் திறந்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைத் தொட்டுப் பார்த்தார். வறண்டு கிடந்தது. தொட்டியோ முக்காலும் நிரம்பியிருந்தது. அவர் தொட்டியைப் பார்த்தார், எந்திரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, நாம மலையோட பளுவைக் கட்டிக்கிட்டோம். சாய்வைக் கட்டிக்கலை."

எனக்கும் அப்போதே விளங்கிவிட்டது. அந்த வண்டியில் பெட்ரோல் தொட்டியிலிருந்து எந்திரத்துக்குத் தானே வழிந்து இறங்கவேண்டும். உப்பளத்தில் தொட்டி எந்திரத்தைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. இங்கே வண்டியின் மூக்கு வானை நோக்கியதும், பின்னேயிருந்த தொட்டி தாழ்ந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் தட்டை நிலத்தில் நடந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. மேலே மன்றத்தார் காத்திருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டால் வாசல் மூடிவிடும்.

நான் வருத்தம் சொல்ல வாய்திறந்தேன். அவரோ அதற்குள் முடிவெடுத்துவிட்டார். "தொட்டி மேலே இருக்கணும், இன்ஜின் கீழே இருக்கணும். அவ்வளவுதானே? வண்டியைத் திருப்பிடுவோம்."

கல்லை எடுத்துவிட்டு, வண்டியை வளைவின் அகன்ற சமதரைவரை மெல்ல நழுவவிட்டார். அங்கே எந்திரம் உயிர்பெற்றது. வண்டியைத் திருப்பி, அதன் முதுகை உச்சிக்குக் காட்டி நிறுத்தி, 'ரிவர்ஸ்' எனப்படும் பின்செல்லும் பல்லிணையைப் பூட்டினார்.

ஆனால் தொட்டி அவர் பார்வையை மறைத்தது. ஆகவே நான் இருக்கையில் முழந்தாளிட்டு, பின்னோக்கித் தொட்டியின்மேல் கவிழ்ந்து, வழி சொல்ல வேண்டியவனானேன். "வலம்!" என்றேன். அவர் எதிர்ப்புறம் திருப்ப, சக்கரம் ஓரத்துக் கல்லில் மோதிற்று.

"உங்க வலமா, என் வலமா?" என்று கத்தினார். நாங்கள் எதிரெதிர்த் திசைகளை நோக்கியிருந்தோம். என் வலம் அவருக்கு இடம். "வேணாம் மாப்ளே, நம்ம ஊர்க் கணக்கிலே சொல்லுங்க. பள்ளம் கடல், பாறை ரயில்!"

அதன்பின் எனக்கு ஐயமே எழவில்லை. கொண்டையூசி வளைவுகளில் வலமும் இடமும் புரண்டு புரண்டு மாறின. பள்ளம் எப்புறம் வந்தாலும் அது கடல்தான்; பாறை எப்புறம் நின்றாலும் அது இரயில்தான். "ரயில் பக்கம்! ரயில் பக்கம்! கொஞ்சம் கடல்! போதும், ரயில் பக்கம்!" என்று நான் எழுப்பிய கூச்சல், இலக்கண வகுப்பில் நான் எழுப்பிய எந்தக் கூச்சலையும் விடப் பெரிது. சாலையோரத்தில் குடைபிடித்து நின்ற சீமாட்டி ஒருத்தி, வண்டியின் பின்புறம் தன்னை நோக்கி ஏறிவருவதைக் கண்டு, யாரையோ அழைத்துக் காட்டினாள். தோட்டத் தொழிலாளர்கள் கைகொட்டி ஆரவாரித்தார்கள். அவர் எதையும் பார்க்கவில்லை. என் சொல்லைக் கேட்டு, தம் கையை நம்பி, மலையை முதுகால் ஏறினார்.

உச்சிக் கோட்டை எங்கள் பின்சக்கரங்கள் முதலில் கடந்தன.

மன்றத்தார் கூடிப் பேசினார்கள். சிலர் சிரித்தார்கள், ஒருவர் இது பந்தயத்துக்கு இழுக்கு என்றார். மன்றத்தின் செயலர், முதிர்ந்த வெள்ளையர், விதியை நினைவூட்டினார்: வண்டி தன் ஆற்றலால் கோட்டைக் கடக்கவேண்டும் என்பதே விதி, எந்த முனை முந்தவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது கடைசி இடம். என் மைத்துனர் அதைக் கேட்டு, முதலிடம் பெற்றவரைவிட மகிழ்ச்சியோடு கை குலுக்கினார்.

செய்தி எங்களுக்கு முன்னே எண்ணூர் வந்து சேர்ந்திருந்தது.

"பொடனிய காட்டிகினு மலை ஏறினியாமே நைனா! கழுதைகூட மூஞ்சிய முன்னால வச்சிகினுதான் ஏறும்!" என்றார் படகோட்டி.

"உன் படகுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

"படகுக்கு ஏது? ரெண்டு பக்கமும் கூருதான். எப்படி வோணும்னாலும் போவும்."

"என் வண்டியும் அப்படித்தான்."

படகோட்டி சிறிது எண்ணிப் பார்த்து, "அப்ப சரி" என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆண்டுக்கு முன் என் மைத்துனர் உப்பளத்தோடு நிற்கவில்லை. பட்டறை முற்றத்துப் பாரந்தூக்கியால் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, மலைச்சாய்வுக்கு மேலும் சாய்த்து, அந்நிலையிலேயே எந்திரத்தை ஓடவிட்டார். தெருவே வேலியருகில் திரண்டு, மூக்கை மேலே தூக்கி உறுமும் வண்டியை வேடிக்கை பார்த்தது. தொட்டி முன்னே, எந்திரத்துக்கு மேலாக, பழைய இடத்தினும் உயரமாக ஏறிற்று. அதன் பளு முன்னே போய்விட்டதால் பின்னே என் பளு முன்னினும் இன்றியமையாததாயிற்று. என் மனைவி இம்முறை கொதிக்கவில்லை. பயணத்துக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்து, "சாய மறந்துடாதீங்க" என்றாள்.

அடிவாரத்தில் அந்தச் செயலர் எங்களிடம் வந்து, இம்முறை எந்தப் பக்கம் முன்பக்கம் என்று ஆங்கிலத்தில் வினவினார். எவ்வளவு விரைவில் ஏறவேண்டும் என்பதைப் பொறுத்தது என்று என் மைத்துனர் விடையிறுத்தார். இருவரும் சிரித்தார்கள். எங்களுக்கு முன்னே இரண்டு வண்டிகள், எங்களுக்குப் பின்னே பெங்களூரிலிருந்து வந்த நம்மவர் ஒருவரின் வண்டி. முந்தைய ஆண்டு அந்த வரிசையில் எங்களைத் தவிர நம்மவர் எவரும் இருந்ததில்லை.

கொடி இறங்கியது. ஏறினோம். நின்றுபோன அந்த நெட்டுக்குத்து எதிரே வந்தபோது நான் மூச்சை அடக்கினேன், எந்திரம் அடக்கவில்லை. ஒரு துளி இருமலின்றி அது சாய்வை விழுங்கிச் சென்றது. மூன்றாமிடம் எங்களுக்கு என்பது பின்னர்த் தெரிந்தது. ஆனால் அந்தக் கணத்தில் அவருக்கு இடம் ஒரு பொருட்டாக இல்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"இப்பவாச்சும் கடல் பக்கம் பாருங்க மாப்ளே. போன வருஷம் பாக்கவே இல்லையே நீங்க."

பார்த்தேன். பள்ளத்துக்கு அப்பால், கீழே, பாறையும் மேடும் இல்லாத சமவெளி, எங்கள் ஊரைப்போலத் தட்டையாக, கண்ணுக்கெட்டியவரை நீண்டு கிடந்தது. அடுத்த வளைவு வந்தது; நான் சாய்ந்தேன்.