காற்றுக்கு எழுந்து ஓடுகிறவள்

நான் நர்ஸாக இருக்கும் லண்டன் ஆஸ்பத்திரியில், வயதானவர் ஒருவர் வந்து படுத்ததும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "கடைசியாக எப்போது விழுந்தீர்கள்?" என்பதுதான். நம் ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி அத்தனை சாதாரணமாகக் கேட்கிறார்கள். முதலில் எனக்கு நாக்கே எழவில்லை. எங்கள் புதுப்பட்டினம் குப்பத்தில் இப்படிக் கேட்டால், "வாயில நல்ல வார்த்த வராதா?" என்று திட்டு விழும். பிறகு பழகிவிட்டது. செருப்பு வழுக்குமா, கண் தெரிகிறதா, கட்டிலிலிருந்து சடக்கென்று எழுகிற ஆளா என்று இப்போதெல்லாம் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரைக்கூட எடை போடுகிறேன்.

"உன் அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவி கேட்டாள். தெருவே பார்த்துக்கொள்ளும் என்றேன். அம்மா நடுத்தெருவில் கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கண் கலங்கி, என் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்தாள். விளக்கிச் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை. அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சில வருஷம் கழித்து லீவில் ஊருக்குப் போனேன். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த சமயம்; செங்கல்பட்டிலிருந்து பஸ் முழுக்கச் சித்தாள் கூட்டம். வீட்டில் நுழைந்ததுமே சுவரைப் பார்த்தேன். படுக்கிற மூலையிலிருந்து வாசல்வரை, சுண்ணாம்பில் கை ஊன்றி நடந்த அழுக்கு. அம்மா முழங்கைக் காயத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டு மரகதம் அக்காதான் சொன்னாள்:

"காத்து அடிச்சி கதவு டபடபன்னா போதும், எய்ந்து ஓடியாருது. வாசப்படி தடுக்கி ரெண்டு தபா வுயுந்துடுச்சி. ஒனக்கு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினு கீது."

நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் கட்டுமரத்தோடு போன அப்பா திரும்பவில்லை. உடம்பும் கரை ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கதவு ஆடினால், நானே காதைப் பொத்திக்கொண்டு போர்வைக்குள் கிடந்திருக்கிறேன். வாசலில் ஈரத்தோடு நிற்கிறார் என்றுதான் தோன்றும்.

வார்டில் கற்றதையெல்லாம் செய்தேன். கொத்தனாரை விட்டு வாசற்படியைத் தாழ்த்தினேன். பிடித்து நடக்கட்டும் என்று புழக்கடையில் கயிறு கட்டினால், மறுநாளே மரகதம் அக்கா வீட்டுப் புடவையெல்லாம் அதில் காய்ந்தது. கதவு ஆடாமலிருக்க இடுக்கில் துணி அடைத்தேன். சாயங்காலம் பார்த்தால் அம்மா அதைப் பிடுங்கி எறிந்திருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்பா வரமாட்டாரும்மா. காத்துக்குப் போயி ஓடறியே, இடுப்பு ஒடஞ்சா இங்க யாரு கீறாங்க ஒனக்கு?"

அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஒங்கப்பன கடலு கொண்டுகினு போனது எனக்குத் தெரியாதா? செத்தவனுக்கு இன்னாத்துக்கு ஓடப்போறேன்? நீ வந்துட்டியோன்னுதான் ஓடியாறேன்."

என்னோடு வரச் சொன்னேன், கெஞ்சினேன். வரமாட்டேன் என்றுவிட்டாள். லீவு முடிந்து நான் மட்டும் திரும்பினேன்.

இன்று இங்கே பலத்த காற்று. சன்னல் அடித்துக்கொள்கிறது. ஒரு கிழவியின் முழங்கையைப் பிடித்து நடத்திப் போகிறேன். "நான் இல்லம்மா, காத்து. ஓடியாராத" என்று வாய் தமிழில் முணுமுணுக்கிறது. அவள் ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டிக்கொண்டு, மெள்ள அடி எடுத்து வைக்கிறாள்.