மஞ்சள் குடித்த கார்

முதலில் வந்தது அந்த வாசனைதான்... கொதிக்கிற தண்ணீரும் துருவும் சூடான ரப்பரும் கலந்த ஒரு வாசனை.

ஆவடி தாண்டி, பருத்திப்பட்டு ஏரி ஓரம். முன்னால் போன என் சகலை தயாளனின் கார் பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த எனக்கு, பொய் சொல்வானேன், மனசு ஜில்லென்று இருந்தது.

காரணம் இருக்கிறது நண்பர்களே.

வேப்பம்பட்டில் என் மாமியார் வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை நான். தெருமுனையில் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. அப்புறம் என் மனைவி மல்லிகாவின் தங்கையைத் தயாளன் கட்டினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய கிரீம் கலர் காரை வாங்கினான்...

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அத்தை வாசலுக்கு வந்தது கார் ஹாரனுக்கு மட்டும். என் ஸ்கூட்டருக்கு உள்ளேயிருந்து குரல்தான் வரும்.

"யாரு, மல்லிகா ஊட்டுக்காரரா? கதவு தொறந்துதான் கீது, வாங்க."

அன்று எங்கள் மச்சான் கோபிக்குப் பூந்தமல்லியில் பரிசம். ராகு காலம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். மற்ற சொந்தங்கள் முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டார்கள். காரில் கோபி, மாமா, அத்தை, தயாளன் மனைவி, மடி நிறையத் தட்டுகள். கூடவே என் மல்லிகாவும். "ஸ்கூட்டர்ல வந்தா பட்டுப்பொடவ கசங்கிடுங்க" என்றாள்.

ஸ்கூட்டரில் அவள் உட்கார வேண்டிய பின் சீட்டில் ஒரு வாழைத்தாரைக் கட்டி அனுப்பினார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த ஆவியைப் பார்த்து எனக்கு ஜில்லென்று இருந்ததில் என்ன தப்பு?

தயாளன் பானட்டைத் திறந்து, ஒரு ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியை மெதுவாகத் திருகினான். "அல்லாரும் தள்ளி நில்லுங்க, மூஞ்சில அடிச்சிடும்." கீழே குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "ரேடியேட்டர்ல ஓட்ட உழுந்துட்ச்சி சகல. தண்ணி நிக்காது."

மாமா வாட்சைப் பார்த்தார். கோபியின் முகம் சுருங்கிவிட்டது. 'இந்த ஓட்டைக் காரை நம்பி வந்தோமே' என்று அத்தை இப்போது சொல்வார், இதோ சொல்லப்போகிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

எதிர் வீட்டில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தை இரவல் வாங்கி, ஏரியிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தது யார்? நான். புது வேட்டி முழங்கால் வரை சேறு. ஊற்ற ஊற்ற அந்தப் பக்கம் ஒழுகிக்கொண்டே இருந்தது.

தயாளனின் கண் தட்டுகள்மேல் போனது.

"அத்தே, அந்த மஞ்சத்தூள் பாக்கெட்ட குடுங்க. உள்ள போட்டா ஓட்ட அடச்சிக்கும். பூந்தமல்லி வரிக்கும் தாங்கும்."

பரிசத் தட்டு மஞ்சளைக் கேட்கிறான்... மாட்டினான்டா என்று நினைத்தேன். எந்த அத்தை பொறுப்பார்?

எங்கள் அத்தை தன் பல்லாலேயே பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். "நல்ல காரியத்துக்குப் போற வண்டி. அதுக்கும் மஞ்சா வச்சா இன்னா இப்போ? போடு நைனா."

நைனா. எனக்கு எப்போதும் 'வாங்க, போங்க'தான். ஒருநாளும் நைனா கிடையாது.

மஞ்சள் போய் ஓட்டையில் உட்கார்ந்தது. ஒழுகல் சொட்டாகி, சொட்டும் நின்றது. கார் கிளம்பியது.

பெண் வீட்டு வாசலில் போய் நின்றபோது காரின் முன்பக்கமெல்லாம் மஞ்சள் கறை. ஆரத்தித் தட்டோடு நின்ற ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், "பாரேன், காருக்கே மஞ்சத் தண்ணி தெளிச்சி இட்டாந்துகிறாங்க. எவ்ளோ மொறையான ஜனங்க." கோபிக்கு எடுத்த ஆரத்தியைக் காருக்கும் சேர்த்துச் சுற்றினார்கள். தயாளன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

நான் சேற்று வேட்டியோடு, தோளில் வாழைத்தாரோடு போய் நின்றேன். அதே அம்மா என்னைப் பார்த்தார்.

"தாரு கொணாந்தியாப்பா? சுத்திக்கினு போய் பின்கட்டுல வச்சுடு."

வைத்தேன்.

இப்போது என்னிடம் கார் இருக்கிறது. ஏசி, பாட்டு, எல்லாம். தயாளன் தன் காரை எப்போதோ விற்றுவிட்டான். போன மாதம் கோபி மகளின் வளைகாப்புக்கு அவனையும் அவன் மனைவியையும் என் காரில்தான் அழைத்துப்போனேன். எங்கே போனாலும் என் கார்தான். ஆனால் யாரும் வாசலுக்கு வந்து அதைப் பார்த்ததில்லை.

அன்றைக்கும் வழியில் பருத்திப்பட்டு வந்தது. ஏரியைச் சுற்றி இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். "சகல, இங்கதான்" என்று தயாளன் ஆரம்பித்தான். பின் சீட்டில் மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தை பல்லால் பாக்கெட்டைக் கிழித்ததை அவளே நடித்துக் காட்டினாள். என் காரில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"அன்னிக்கி தண்ணி கொணாந்து குடுத்தது யாருக்கா?" என்று தங்கை கேட்டாள்.

மல்லிகா கொஞ்சம் யோசித்தாள். "அந்த எதுர் ஊட்டுக்காரங்க யாரோ... நல்ல மனுசங்க."

நான் டாஷ்போர்டில் இன்ஜின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை, இந்த இடத்தில், கொஞ்சம் சூடாகித் தொலையேன் என்று மனசுக்குள் காரைக் கேட்டேன்.

முள் நடுவிலேயே நின்றது.