பாரிசுக்குப் போன நான்கு பக்கம்

எங்கள் தீவு ஊரான கரம்பொனில் ஒரு வீட்டில் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் வருகிறதென்றால் நினைவு மலரைக் கணினியில் தட்ட என் அக்கா ஜசிந்தாவைத்தான் தேடி வருவார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். என் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் தட்டித் தந்ததும் அவர்தான்.

2007இல் அல்போன்சம்மா இறந்தார். மகன் அன்ரனிதாஸ் பாரிசில், வர வழியில்லை. கணவர் பஸ்ரியாம்பிள்ளை கடற்றொழிலாளி, எழுதத் தெரியாது. அக்காவின் பக்கத்துக் கதிரையில் இருந்து, மனைவியைப் பற்றி நான்கு பக்கத்துக்குச் சொன்னார். முப்பத்தோராம் நாள் பூசையில் அதை இங்கே நானும், அதே நாள் பாரிஸ் பூசையில் மகனும் வாசிக்க வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

"அவளின்ர கறிக்கு எப்பவும் உப்புக் காணாது எண்டும் போடு பிள்ளை."

"அதெல்லாம் கோயில்ல வாசிக்கிறதோ ஐயா?"

"அதை வாசிச்சாத்தான் தன்ர தாயெண்டு பொடியனுக்கு விளங்கும்."

எங்கள் ஊரில் பிழை பார்ப்பது காதால். அக்கா திரையைப் பார்த்து வாசித்தார், அவர் தலையாட்டினார். பிடிஎஃப் ஆக்கியதும், "சரியா இருக்கு, அனுப்புவம்" என்றவன் நான். திறந்து பார்த்தது, அக்கா தட்டிய தமிழ் எழுத்துரு இருக்கும் எங்கள் கணினியிலேயே என்பது எனக்கு உறைக்கவில்லை.

தீவில் இணையம் இல்லை. இருபத்தைந்தாம் நாள் யாழ்ப்பாணம் போய் அனுப்பினேன். இருபத்தொன்பதாம் நாள் போனபோது பதில் கிடந்தது: "ஒண்டும் வாசிக்க ஏலாது. எல்லாம் இங்கிலீசு எழுத்து." அம்மா என்ற இடத்தில் ஓர் எம், ஒரு கே, ஓர் அரைப்புள்ளி, இன்னொரு கே, ஓர் எச். எங்கள் எழுத்துரு இங்கிலீசு எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது; கோப்போடு அது போகவில்லை.

எழுத்துருவை உள்ளே சேர்க்க அன்று பின்னேரம் முழுவதும் அக்கா பாடுபட்டார். அந்த எழுத்துருவைச் செய்தவர்கள் அதைச் சேர்க்க ஏலாதபடி பூட்டியிருந்தார்கள். கடைசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கிப் பிடிஎஃப் செய்தார். படத்துக்கு எழுத்துரு தேவையில்லை.

மறுநாள் படையினர் பாதையை மூடிவிட்டார்கள். மூன்று நாள் பஸ் ஓடவில்லை.

முப்பத்தோராம் நாள் கோயிலில் நான் வாசித்தேன். சனம் சிரித்தது, அழுதது. "இப்ப அவனும் வாசிப்பான்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. அனுப்ப முடியாமல் போனதை நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அக்கா நிலத்தைப் பார்த்தார்.

பாதை திறந்ததும் அனுப்பினோம். மகனின் பதிலோடு அக்கா அவரிடம் போனார்.

"ஐயா, அண்டைக்கு உங்கட மகன் வாசிக்கேல்லை. நாங்கள் அனுப்பினதில எழுத்துக் குழம்பிப் போயிட்டுது. பிழை எங்கட. பூசையில பேப்பரைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நிண்டவராம். நேற்றுத்தான் அறையில இருந்து வாசிச்சவர்."

"தனியவோ?"

"ஓம் ஐயா."



"எனக்கு இஞ்ச ஊர்ச்சனம் முழுக்கப் பக்கத்தில இருந்தது, பிள்ளை."

அன்று முழுவதும் அக்கா கணினியைத் திறக்கவில்லை.