சாதிக் எழுதிய அலாரம்

கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தபோது சாதிக்கின் மைத்துனர் போன் செய்தார். பல்லடம் பஸ் நிலையத்தில் சாதிக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். தட்டை அப்படியே வைத்துவிட்டு மண்ணரையில் அவர் வீட்டுக்குப் போனேன். அன்று மாலையே அடக்கம். அங்கே வந்திருந்த, அவருடைய நண்பர்களான உங்களில் பலரிடம் என்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிபாளையம் சாய ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவரும் நானும்தான். பாய்லர், யுபிஎஸ், கழிவுநீர்த் தொட்டியின் ஃபேன் என்று ஆலையின் ஒவ்வொரு கருவியும் நெட்வொர்க் வழியாக ஓயாமல் செய்தி அனுப்பும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாய் எழுதும். அந்த வரியில் எது கருவியின் பெயர், எது கோளாறு, எதற்கு யார் போனில் அலாரம் அடிக்க வேண்டும் என்று மென்பொருளுக்குப் பிரித்துச் சொல்லித் தருவது சாதிக்கின் வேலை. மகா பிடிவாதக்காரர். மென்பொருளுக்குப் புரியாத செய்திகளைத் தள்ளிவிடலாமே என்று சொன்னால் முறைப்பார். "தெரிஞ்சது எங்கீங்க ஓடிப்போகுது? தெரியாததத்தான் மொதல்ல பாக்கோணும்" என்பார். முதலாளி பேத்தியின் காதுகுத்தில் இந்த அலாரத்தால் முதலாளியின் போன் விடாமல் அடித்து, அவர் இவரைத் திட்டியதும் இவர் அசையாததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் வளைந்து கொடுத்தார்.

ஆயுத பூஜையன்று எங்கள் ஊரில் மெஷின் ஓடாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் அலாரம் கொட்டித் தீர்க்கும். எனவே அன்று மட்டும் மொத்தத்தையும் மியூட் செய்வது வழக்கம். மேனேஜர் சொன்னார், சாதிக் செய்தார். சாயத்தண்ணீர் வராத நாள் என்பதால் தொட்டியைக் கழுவ ஆள் இறக்குவதும் அன்றுதான். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வருஷம், பூஜைக்காக மெஷின்களுக்குப் பொட்டு வைக்க வந்த எலக்ட்ரீஷியன், தொட்டியிலிருந்து விஷவாயுவை வெளியே இழுக்கும் ஃபேனின் பேனலையும் அணைத்துவிட்டுச் சந்தனம் பூசினார். கீழே தொட்டிக்குள் இருவர் இருந்தார்கள். ஒருவரை மயங்கிய நிலையில் தூக்கினோம், பிழைத்துக்கொண்டார். பீகாரிலிருந்து வந்த ரபி பிழைக்கவில்லை.

மறுநாள் சாதிக் கம்ப்யூட்டரில் பதிவைத் திறந்து காட்டினார். ஃபேன் நின்ற கணமே செய்தி வந்திருந்தது. மென்பொருள் அதைச் சரியாகப் பிரித்து, சரியான போன் நம்பரையும் எடுத்து, பக்கத்தில் 'மியூட் செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தது. "மெஷினு சொல்லிருக்குதுங்க. நாந்தான் அது வாயப் பொத்தி வெச்சிருக்கேன்" என்றார். மேனேஜர் சொல்லித்தானே செய்தீர்கள் என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை. கம்பெனி பழியை, தொட்டி கழுவ ஆள் அனுப்பிய கான்ட்ராக்டர் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவியது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதன்பின் பூஜைப் பொரியை அவர் தொட்டதில்லை. அந்த ஃபேனின் அலாரத்தை எவராலும் மியூட் செய்ய முடியாதபடி தனி விதி எழுதினார். போனில் வரும் வாசகத்தையும் மாற்றினார்: 'ரபி உள்ளே இருக்கான்.' அடுத்து வந்த மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, இது என்ன கூத்து, 'ஃபேன் நின்றது' என்று எழுதுங்கள் என்றார்.

"ஃபேனு நின்னுதுன்னு வந்தா டீயக் குடிச்சுப்போட்டு மெதுவாப் போவாங்க. ஆளு உள்ள இருக்கான்னு வந்தாத்தானுங்க ஓடுவாங்க" என்றார் சாதிக். அந்த வரி அப்படியே நின்றது.

சாதிக் இறந்த வாரமே மேனேஜர் என்னிடம் வந்து, இனியாவது அந்த வரியை மாற்றிவிடலாமே என்றார். பார்க்கலாம் என்றேன். நேற்று ஃபேனின் பெல்ட் அறுந்து அலாரம் வந்தது. கையிலிருந்ததைப் போட்டது போட்டபடி எல்லோரும் ஓடினோம். மேனேஜரும் ஓடி வந்தார். தொட்டிக்குள் யாரும் இல்லை. சாதிக்கையோ ரபியையோ பார்த்திராத, புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் அம்மா மூச்சிரைக்க என் கையைப் பிடித்தார்.

"ரபி வெளிய வந்துட்டாருங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

சாதிக் விட்டுப்போனதில் என் பொறுப்பில் இருப்பது அந்த ஒரு வரிதான். அதை நான் மாற்றப்போவதில்லை.