பெரியம்மா மகனின் விளக்கு

சுவிஸின் ஃப்ரிபூர்க்கில் நான் பாத்திரம் கழுவும் உணவகத்தில் ஒரு ஜப்பானியச் சமையற்காரர் இருக்கிறார். போன கோடையில் ஊர் போய் வந்தவர் கைபேசியில் ஒரு படம் காட்டினார். போரில் இறந்தவர்களுக்காக டோக்கியோவில் இருக்கும் ஷிண்டோ கோயில். அதன் முன்னால் கைகூப்பி நிற்கிறார். தாத்தாவின் உடல் வீடு வரவில்லையாம், பெயர் மட்டும் அங்கே இருக்கிறதாம். காய் வெட்டிக்கொண்டிருந்த சீனர் எட்டிப் பார்த்தார். அங்கே கொலைகாரர்களையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறார்கள் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கோ பொறாமையாக இருந்தது. போய் நிற்க அவருக்கு ஓர் இடம் இருக்கிறதே. இலங்கையில் எங்கள் ஊரில் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லத்தை 2009இல் போர் முடிந்த பிறகு இராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. அந்த இடத்தில்தான் நான் முதன்முதலில் பொறாமைப்பட்டதும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரியம்மாவின் மூத்த மகன் போராட இயக்கத்துக்குப் போய்ச் சண்டையில் இறந்திருந்தார். கார்த்திகையில், இறந்த போராளிகளை நினைவுகூரும் நாளில், எல்லோரும் அவருடைய கல்லறைக்குப் போனோம். என் வயதுள்ள அவருடைய தம்பியிடம் விளக்கேற்றத் திரி கொடுத்தார்கள். வீட்டில் நட ஒரு தென்னங்கன்றும் கொடுத்தார்கள். நானும் என் அண்ணையும் பின்னால் நின்றோம். எனக்கு வயிறு எரிந்தது. அவன் வேறு திரும்பித் திரும்பிப் பார்த்தான். பெருமையைப் பார் என்று பல்லைக் கடித்தேன்.

வீட்டில் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

"அண்ணை, நீங்களும் இயக்கத்துக்குப் போங்கோவன்."

"ஏனடா?"

"அப்பதானே நானும் விளக்குக் கொளுத்தலாம். தென்னங்கண்டும் தருவினம்."

அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு கண்டுக்கோடா என்னைக் குடுக்கப் போறாய்? ரெண்டாவது கேளன்!"

அம்மா சிரிக்கவில்லை. சோறு போட வந்த கை அப்படியே நின்றது. அடுத்த மாதமே தாலிக்கொடியை விற்று அண்ணையைக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கிருந்து அவர் சுவிஸுக்கு வந்தார். இனி எனக்கு விளக்கே கிடையாது என்று இரண்டு நாள் அழுதேன். அண்ணையைப் பிரிந்த துக்கம் என்று நினைத்து அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டார்.

பிறகு அண்ணைதான் என்னையும் இங்கே எடுப்பித்தார். அந்தக் கோயில் படத்தைப் பார்த்த அன்று மாலை டீட்டிகோன் நகரில் இருக்கும் அவருக்கு ஃபோன் எடுத்து, கல்லறைக்குப் போன அந்த நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓமடா. உன்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டனான். விட்டா ஓடிப்போய்த் திரியைப் பறிச்சிருப்பாய்."

ஃபோனை வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பெரியம்மாவின் இளைய மகன் அன்று திரும்பித் திரும்பிப் பார்த்தது என்னை அல்ல. என்னைப் பிடித்திருந்த அண்ணையின் கையை.