பக்கத்துச் சதையைப் பற்றி நான் சொன்ன பொய்

நான் ஒரு நோயாளியிடம் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன்!

மலேசியாவில், ஜேபி என்று நாங்கள் அழைக்கும் ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். மார்பகப் புற்றுக்கட்டியிலிருந்து ஒரு துண்டும், அதைச் சுற்றியிருந்த சதையிலிருந்து ஒரு துண்டும் என்னிடம் வரும். அவற்றின் செல்களில் எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்று அளப்பேன். என் அளவீட்டில் பிழை இராது. இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். பிழை என் நாவில் இருந்தது.

சரோஜா அக்கா லாயாங் லாயாங் என்ற சிற்றூரிலிருந்து வந்தவர். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கட்டியை மட்டும் அகற்றியிருந்தார்கள், அடுத்தது சில வாரம் தினமும் ரேடியேஷன். தங்கள் சதையை எங்கள் ஆய்வுக்குத் தந்தவர்களுக்கான படிவத்தோடு மருத்துவமனைக்குப் போன என் கையை நடைவழியில் பிடித்துக்கொண்டார்.

“டாக்டர், பக்கத்துச் சதையையும் நீங்கதானே பாத்தீங்க? அது சுத்தமா இருக்கா?”

நான் மருத்துவர் அல்லேன். திருத்தியிருக்கலாம்... திருத்தவில்லை. அந்த அழைப்பு இனித்தது!

நுண்ணோக்கியில் அந்தச் சதை நல்லதாகவே தெரிந்தது. ஆனால் அதன் மரபணுக்கள் கட்டியில் இருந்தவற்றைப் போலவே விழித்திருந்தன. அதற்கு என்ன பொருள் என்று எங்களுக்கே உறுதியாகத் தெரியாது. ‘தெரியாது, டாக்டரைக் கேளுங்கள்’ என்றிருந்தால் போதும். அவ்வளவுதான்!

“சுத்தமா இருக்கு அக்கா,” என்றேன்.

ஏன் சொன்னேன்? இரக்கமா? அவர் முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசையா? நீங்களே சொல்லுங்கள்.

ஈராண்டு கழித்து அதே மார்பில் மீண்டும் கட்டி. புதிய படிவத்தில் அவர் பெயரைக் கண்டதும் தேடிப்போனேன். ரேடியேஷனுக்கே அவர் போகவில்லை!

“ஏன்க்கா போகல?”

“நீங்கதான் சுத்தமா இருக்குன்னீங்களே டாக்டர். பேக்டரில லீவு கெடைக்கறது கஷ்டம் லா. அப்பறம் எதுக்கு தெனமும் ஜேபி வரணும்?”

எல்லாவற்றையும் சொன்னேன். நான் மருத்துவர் அல்லேன் என்பதையும். ரேடியேஷனுக்குப் போயிருந்தால் கட்டி வந்திராது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது... அதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் யாருக்கு ஆறுதல்? அவருக்கா, எனக்கா?

அவர் திட்டவில்லை.

“என் சதை இன்னும் உங்ககிட்ட இருக்கா?”

“இருக்கு அக்கா.”

“அத வச்சி இனிமே ஒண்ணும் பாக்காதீங்க. எங்க கையெழுத்துப் போடணும்?”

ஆய்விலிருந்து விலகும் படிவத்தை நானே கொண்டுவந்து நீட்டினேன். போட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை... எந்த முகத்தோடு கேட்பேன்?