லிஃப்ட்காரர் நாற்பதாயிரத்தில் கட்டிய கம்ப்யூட்டர்

லிஃப்ட்காரருக்கு ஐம்பத்தோரு வயது. நகரத்தின் உயரமான கட்டடங்களில் எங்கே லிஃப்ட் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போகிற இடத்திலெல்லாம் அவர் படியேறித்தான் போக வேண்டும்; லிஃப்ட்தான் ஓடாதே. இருபத்தாறு வருடம் இப்படி ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிவதற்கே கொஞ்ச நேரம் யோசிப்பார்.

மகள் வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். தினமும் போன் வரும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

"படிக்கிறியா?"

"படிக்கிறேன்பா."

அதோடு இரண்டு பேருக்கும் சரக்கு தீர்ந்துவிடும். "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று போனை நீட்டிவிடுவார். அம்மா கைக்குப் போனதும் அரை மணி நேரம் ஒரே சிரிப்பு. லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அந்த "படிக்கிறேன்பா"வுக்குப் பிறகு மகள் போனை வைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை நாங்க கம்ப்யூட்டர்ல ஒரு கேம் ஆடுவோம்பா. காட்டுல மாட்டிக்கிட்டுப் பிழைக்கணும். நீயும் வரியா?"

சும்மா கேட்டாளோ என்னவோ. "வரேன்" என்று சொல்லிவிட்டார். வைத்த பிறகுதான் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை என்பது உறைத்தது.

ஆறு மாதம் ஓவர்டைம் பார்த்தார். ஹாஸ்டல் கட்டணம் போகக் கையில் நின்றது நாற்பதாயிரம். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. மகளே சாமான் பட்டியல் அனுப்பினாள். கீழே ஒரு குறிப்பு: 'எல்லாத்தையும் இப்பவே வாங்க முடியாதுப்பா. பின்னாடி ஒவ்வொண்ணா மாத்திக்கிற மாதிரி வாங்கு.'

கடைக்காரர் பட்டியலைக் கூட்டிப் பார்த்தார். ஐம்பத்திரண்டாயிரம் வந்தது.

"சார், உள்ள கரண்ட் குடுக்கிற பவர் சப்ளையை மாத்திருவோம். பேரில்லாத பெட்டி ஒண்ணு இருக்கு, கால்வாசி விலை. மதர்போர்டும் பழைய மாடல் போட்டுக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு நல்லதா வந்துரும். கேம் சும்மா பறக்கும்."

லிஃப்ட்காரர் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். காலி டப்பா மாதிரி இருந்தது. எட்டுப் பேர் ஏறுகிற லிஃப்டுக்கு எட்டுப் பேரை மட்டும் தாங்குகிற கயிறு போடுவதில்லை. அதைப் போலப் பல மடங்கு தாங்க வேண்டும். இதுவரை போட்ட எந்தக் கயிற்றிலும் அவர் கணக்கைக் குறைத்ததில்லை.

"இந்தப் பழைய போர்டுல நாளைக்குப் புது ப்ராசசர் மாட்ட முடியுமா?"

"அது... அந்த வரிசை இதோட முடிஞ்சுபோச்சு சார்."

"அப்ப வேணாம். பட்டியல்ல இருக்கிற போர்டும் பவர் சப்ளையும் குடுங்க."

"அப்புறம் கார்டுக்குக் காசு பத்தாதே."

"கார்டு வேணாம்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கேம் ஆடத்தானே சார் வாங்கறீங்க?"

"கார்டு இல்லாம ஓடவே ஓடாதா?"

"படம் காட்டுற வேலையையும் சேர்த்துப் பாக்கிற ப்ராசசர் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா ஓடும். ஆனா நொண்டும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

லிஃப்ட்காரர் கவுண்டரில் கையூன்றி நின்றார். படம் நொண்டினால் மகள் ஒரு ஞாயிறு பொறுத்துக்கொள்வாள். இரண்டாவது ஞாயிறு, "பரவாயில்லப்பா, விடு" என்பாள். அந்த 'விடு'வைத்தான் அவர் கேட்க விரும்பவில்லை. ஆனாலும் கை பேரில்லாத பெட்டியைத்தான் பின்னால் தள்ளியது.

மாட்டிக் கொடுக்கத் தனிக் கூலி கேட்டார்கள். அதற்குக் காசில்லை. துணி மடிக்கிற மேசையில் தானே கட்ட ஆரம்பித்தார். வேலை முடிந்து வந்து ஒரு திருகாணி போடுவார், இன்னொன்று போடுவார், ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடியே தலை சாய்ந்துவிடும்.

"ஏங்க, நீங்க அதைக் கட்டுறீங்களா, இல்ல அது உங்களைத் தாலாட்டுதா?" என்றாள் மனைவி. அவளும் மருந்துக் கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தவள்தான்.

நான்காவது நாள், சனிக்கிழமை சாயங்காலம், எல்லாம் முடிந்தது. பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

மூடியைத் திறந்தார். வயர்களை அமுக்கிவிட்டார். மெமரியைக் கழற்றி மாட்டினார். அழுத்தினார். மறுபடி திறந்தார். ஒன்றரை மணி நேரம் இதே பாடு. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நாளைக்கு நாலு மணிக்கு மகள் காத்திருப்பாள்.

மனைவி வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். "இது என்னங்க, பின்னாடி ஒரு சுவிட்ச்?"

பவர் சப்ளையின் சுவிட்ச். அணைந்திருந்தது. அணைத்தது வேறு யாருமில்லை. எதைத் தொடுவதற்கு முன்னாலும் மெயினை அணைப்பது அவர் கைப்பழக்கம். வேலை முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தக் கை மறுபடி மெயினைப் போடும். இங்கே வேலை முடிந்தால்தானே? திறந்தபோதெல்லாம் கை போய் அணைத்திருக்கிறது, அவருக்கே தெரியாமல்.

மனைவி சுவிட்சைத் தட்டினாள். பட்டனை அழுத்தியதும் விசிறி சுற்றியது.

"மாத்திரை எண்ணுறவ கண்டுபிடிச்சேன்னு வெளிய சொல்லாதீங்க. உங்க கம்பெனிக்கு அசிங்கம்."

ஞாயிறு காலையிலேயே அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். பத்தொன்பதாவது மாடி. வீடு திரும்பும்போது மணி மூன்றரை. சாப்பிட்ட கையோடு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. கோடரியை ஓங்கினால் அது இறங்குவதற்குள் ஒரு கொட்டாவி விடலாம்.

"ப்பா, நீ நடக்கிறியா, இல்ல போட்டோ எடுத்து அனுப்புறியா?" என்று சிரித்தாள் மகள்.

"கார்டு வாங்கல. அடுத்த வருஷம் போட்டுக்கலாம். இடம் விட்டு வச்சிருக்கேன்." சொல்லிவிட்டு அந்த 'விடு'வுக்காகக் காத்திருந்தார்.

"சரி, அந்தக் கல்லையெல்லாம் பொறுக்கு. நீ மெதுவாத்தான் வருவ, நான் மரம் வெட்டிட்டு வரேன்."

பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே, காலையில் லிஃப்டுக்குள் மாட்டிய ஆசாமி பயத்தில் பாட்டுப் பாடியதைச் சொன்னார். "என்ன பாட்டு?" என்று கேட்டாள். பாடிக் காட்டினார். அவளுடைய கூட்டாளிகளும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் தன் வார்டனைப் பற்றிச் சொன்னாள், பிடிக்காத ஒரு பாடத்தைப் பற்றிச் சொன்னாள். இதெல்லாம் அவர் முதல்முறை கேட்கிறார். எப்போது கண் மூடியது என்று தெரியவில்லை.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. அவசரமாகத் திரையைப் பார்த்தார். அவருடைய ஆள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். ஆனால் சுற்றிலும் நான்கு மரச்சுவர்கள், மேலே கூரை. பலகை இடுக்கு வழியாக வெளியே பார்த்தார். ஓநாய்கள் மூன்று செத்துக் கிடந்தன. பக்கத்தில் தீப்பந்தம் பிடித்தபடி மகளுடைய ஆள்.

"எந்திரிச்சிட்டியாப்பா?"

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒண்ணேகால் மணி நேரம். மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க. உன் குறட்டையைக் கேட்டுத்தான் ஓநாய் வந்துச்சாம்."

"எழுப்பியிருக்கலாம்ல?"

"பத்தொன்பது மாடி ஏறிட்டு வந்தவரை எதுக்கு எழுப்பணும்?"

"கதவு எந்தப் பக்கம்?" என்றார்.

"உன் வலது பக்கம். வெளிய வா, இன்னும் கல்லு வேணும்."

லிஃப்ட்காரர் வலது பக்கம் திரும்பினார். கொஞ்சம் பொறுத்துப் படமும் திரும்பியது.